துளை போட்ட காசு

அந்த வீட்டில் சமையலறை ஒன்று, அடுப்பு இரண்டு. சன்னலோரம் இருந்தது மருமகளுடையது. கதவோரம் இருந்தது மகளுடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. அதனால் அது எப்போதும் அழுக்காகவே இருந்தது. பெரியவர் காலையில் மகள் அடுப்பில் சாப்பிடுவார், இரவில் மருமகள் அடுப்பில். யாராவது ஒருத்தி உப்பைக் கூடப் போட்டுவிட்டால் மற்றவள் அன்றைக்கெல்லாம் முகம் மலர்ந்து திரிவாள்.

பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது காணாமல் போனான். தண்ணீரில் விழுந்திருக்கலாம் என்று கம்பெனி சொல்லியது. உடல் கிடைக்கவில்லை.

விழுந்திருக்கலாம் என்பதில் இருக்கிற அந்த 'லாம்' வீட்டை இரண்டாகப் பிளந்தது. மருமகள் ஒரு வருடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் போய்விட்டார் என்றாள். மகள், அண்ணன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்றாள். இருந்தால் ஏன் வரவில்லை என்று ஒரு நாள் மருமகள் கேட்க, வீட்டில் வந்து பார்க்க என்ன இருக்கிறது, உன் முகமா என்று மகள் திருப்பிக் கேட்டாள். அன்றோடு பேச்சு முறிந்தது. அதன்பின் எதுவானாலும் பெரியவர் வழியாகத்தான்.

"அப்பா, சில பேரு குளிச்சுட்டுத் தண்ணியை அப்படியே விட்டுட்டு வர்றாங்க. வழுக்குது."

"மாமா, வழுக்கினா பாத்து நடக்கச் சொல்லுங்க. கண்ணுதான் பூதக்கண்ணாடியாச்சே."

பூதக்கண்ணாடி என்பது தெருவில் மகளுக்கு இருந்த பட்டப்பெயர். கல்யாணமாகி ஒரு வருடத்திலேயே திரும்பி வந்தவள் அவள். கடைத்தெருவில் பழைய நாணயங்கள் விற்கும் கடையில் வேலை. வெளிநாட்டுக் காசுகள் அங்கே கோணிப்பையில், எடை போட்டு வந்து இறங்கும். அதை மேசையில் கொட்டி, எந்த நாடு, எந்த ஆண்டு என்று பிரித்து, சின்னச் சின்ன உறைகளில் போட வேண்டும். எழுத்துத் தெரியாத காசானால் முதலில் எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்க வேண்டும். தலைகீழாக வைத்துக்கொண்டு அரை நாள் தேடுகிறவர்கள் உண்டு. அப்புறம் எண்களைப் பிடிக்க வேண்டும். அரபு எழுத்துக் காசில் ஐந்து என்பது பார்வைக்குப் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். நிஜப் பூஜ்யம் வெறும் புள்ளி. சில நாடுகளில் ராஜா பட்டத்துக்கு வந்த வருடத்தைப் பெரிதாகவும், அதிலிருந்து எத்தனையாவது வருடம் என்பதைத் தனியாகவும் போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்குத் தப்பும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடை முதலாளி தடுமாறினால் "இங்க குடுங்க" என்று வெடுக்கென்று வாங்கிக்கொள்வாள். பணிவு அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மருமகளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவிப் பெட்டியில் தேய்த்து மடிப்பது. முன்கைகள் இரண்டிலும் பெட்டி சுட்ட தழும்புகள், வளையல் போட்டதுபோல வரிசையாக. அங்கே துணி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். அதிகம் பேசாதவர். மழை வந்தால் அவளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவார். மகன் காணாமல் போன எட்டாவது வருடம் அவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவளும் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தாள். ஆனால் புருஷன் இருக்கிறானா, இல்லையா?

இது தெரிந்த அன்று மகள் தன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, ஒருத்தர் எப்ப சாவாருன்னு காத்துக்கிட்டு இருந்தவங்களை இப்பதான் பாக்கறேன்."

மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, செத்தவரை வெச்சு எட்டு வருஷமா என்னைக் கொல்றவங்களை நான் தினமும் பாக்கறேன்."

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகன் விஷயத்தில் அவர் எதையும் சொன்னதில்லை. செத்தான் என்றும் சொன்னதில்லை, இருக்கிறான் என்றும் சொன்னதில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் கப்பல் சமையற்காரர் ஒருவர் வந்தார். மகனோடு முன்பு ஒரே கப்பலில் இருந்தவர். நனைந்த செருப்பை வாசலிலேயே விட்டு, பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

"அதே துறைமுகம்தாங்க. பக்கத்துல ஒரு டீக்கடை. நான் நம்ம ஆளு ஒருத்தன்கிட்ட பேசிக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டு கடைக்காரி வந்தா. இதே பாஷை பேசற ஆளு ஒருத்தன் மாடி ரூம்ல இருந்தானாம், இதை விட்டுட்டுப் போயிட்டானாம். தொறந்து பாத்தா மூடிக்குள்ள நம்ம எழுத்துல உங்க பையன் பேரு கீறியிருக்கு."

"எப்ப இருந்தானாம்?" மகள் கேட்டாள்.

"அதாங்க தெரியல. இவ கடையைப் புதுசா வாங்கினவ. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன சாமானோட கிடந்துதாம். நாங்க அந்தத் துறைமுகத்துக்கு அவன் காணாமப் போறதுக்கு முன்னாடியும் நிறைய வாட்டி போயிருக்கோம். கரைக்கு எறங்கினா ரூம் எடுத்துத் தங்குவோம். அப்ப விட்டதாக்கூட இருக்கலாம்."

"லாம்," என்றாள் மருமகள்.

டப்பாவில் துருப்பிடித்த சவரக்கத்தி, சீப்பு, காய்ந்து உடைந்த சோப்பு. அடியில் ஒரு காசு. ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியை முறுக்கி வளையமாக்கியிருந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்கள். கப்பல் பட்டறையில் சும்மா இருக்கிற நேரத்தில் அவன் இப்படித்தான் வெளிநாட்டுக் காசுகளில் துளை போட்டுச் சாவி வளையம் செய்வான். கம்பி நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி உள்பக்கம் மடித்து விடுவான், கையில் குத்தாமல் இருக்க. வீட்டில் ஆளுக்கொன்று இருந்தது.

காசு கறுத்துப் போயிருந்தது. கம்பி களிம்பு பிடித்து, துளையைச் சுற்றி எண்கள் இருக்கும் இடத்தில் பச்சையாகப் படர்ந்திருந்தது. மகள் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த நாட்டுக் காசுதான். வருஷம் போட்டிருக்கு. பச்சை மூடியிருக்கு."

"சுரண்டினா தெரியாதா?" என்றார் சமையற்காரர்.

"சுரண்டினா எழுத்தும் சேந்து போயிடும். எண்ணெய்ல ஊறணும்."

பெரியவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தெரிஞ்சா என்ன தெரியும்?"

மகள் மருமகளைப் பார்க்காமல் சொன்னாள். "காசு அடிச்ச வருஷம் தெரியும்பா. அடிச்சதுக்கு அப்புறந்தானே அண்ணன் துளை போட்டிருக்க முடியும். அண்ணன் காணாமப் போனதுக்குப் பின்னாடி அடிச்ச காசா இருந்தா, அன்னிக்கு அவன் தண்ணில விழல. இருந்திருக்கான்."

"முன்னாடி அடிச்சதா இருந்தா?" இதை மருமகள் கேட்டாள். பெரியவரிடம் இல்லை, நேராக மகளிடம். பேச்சு முறிந்த பிறகு இதுதான் முதல் நேர்ப்பேச்சு.

"முன்னாடின்னா ஒண்ணும் சொல்ல முடியாது. கம்பெனி சொன்னதுதான்."

"படிக்கப்போறது நீதானே?"

"வேற யாரு, நீங்களா?"

"நீ படிச்சுச் சொல்றதை நான் நம்பணும்."

"நம்பாட்டி போங்க."

எண்ணெய்க் கிண்ணத்தில் காசைப் போட்டு வைத்தார்கள். அதை எங்கே வைப்பது என்பதில் சண்டை வந்தது. மகள் அடுப்பருகே வைத்தால் மருமகளுக்குச் சம்மதமில்லை. மருமகள் அலமாரியில் வைத்தால் மகளுக்குச் சம்மதமில்லை. கடைசியில் பெரியவர் தம் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவள் வாசற்படியில் வந்து நிற்பாள். மழை விட்டபாடில்லை. சலவைக்கூடத்தில் துணி காயவில்லை என்று மருமகளுக்கு வேலை இரட்டிப்பானது. அவள் திரும்பும்போது நீராவி வாசமும் ஈர நெடியும் சேர்ந்து வீட்டுக்குள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர் முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"அப்பா, இன்னிக்கு அதைப் பாக்கப் போறேன்."

"பாருங்க. ரெண்டு பேரும் பாருங்க. நான் வந்து கேட்டுக்கறேன்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மகள் மேசையைச் சன்னலுக்கு இழுத்துப் போட்டாள். காசை எடுத்துப் பழைய துணியில் ஒற்றினாள். பல் குத்தும் குச்சியின் முனையைக் கடித்துத் தூரிகை மாதிரி ஆக்கி, பச்சையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். இளகியிருந்தது, மாவு மாதிரி வந்தது. எதிரே மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க."

மருமகள் ஓர் அடி தள்ளி நின்றாள். "அந்த எழுத்தை எப்படிப் படிக்கறதுன்னு சொல்லு."

"அவங்க கணக்கு புத்தர் காலத்துலேருந்து. நம்ம கணக்குக்கு ஐநூத்தி நாப்பத்து மூணைக் கழிக்கணும். நாலு எண் இருக்கும். மொதல்ல ரெண்டு. அது எல்லாக் காசுலயும் ரெண்டுதான். கடைசில வட்டம் தெரியுது, அது பூஜ்யம். அவங்க எழுத்துல நாலும் அஞ்சும் ஒரே சாடை. அஞ்சுக்குத் தலையில ஒரு சுழி கூட இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கடை ஆளுங்களே ஏமாறுவாங்க."

"அப்ப நடுவுல இருக்கறதுதான் விஷயம்."

"ரெண்டாவது அஞ்சு. அதுல சந்தேகம் இல்ல. மூணாவது நாலா இருந்தா தொண்ணூத்தி ஏழு. அஞ்சா இருந்தா ரெண்டாயிரத்து ஏழு."

தொண்ணூற்றேழு என்றால் அவன் காணாமல் போவதற்கு முன்பு. இரண்டாயிரத்து ஏழு என்றால் பின்பு, ஆறு வருடம் கழித்து. இருவரும் அதை மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். மழைத்தண்ணீர் சன்னல் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

துளைக்குக் கீழே கடைசிப் பச்சையும் வந்தது. மகள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். மூன்றாவது எண்ணின் தலையில் சுழி இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது.

எட்டு வருடமாக அவள் சொல்லிவந்தது சரி. அண்ணன் அன்று தண்ணீரில் விழவில்லை. டீக்கடை மாடியில் இருந்திருக்கிறான். சவரம் செய்திருக்கிறான், தலை வாரியிருக்கிறான். கையில் ஒரு காசு கிடைத்தபோது உட்கார்ந்து துளை போட்டிருக்கிறான். தட்டையாக்கிய நுனியை மறக்காமல் உள்ளே மடித்திருக்கிறான். ஆறு வருடத்தில் ஒரு போன் இல்லை. அப்பாவுக்கு இல்லை. தனக்கும் இல்லை. எதிரே நிற்கிறவள் முகத்துக்காக வராதவன் தங்கை முகத்துக்காகவாவது வந்திருக்கலாமே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காதெல்லாம் சூடானது. இவள் முன்னால் இதைச் சொல்ல முடியாது.

நிமிர்ந்தாள். "நாலு," என்றாள். "தொண்ணூத்தி ஏழு. முன்னாடிதான். நீங்க சொன்னதுதான் சரி. போய்க் கல்யாணம் பண்ணிக்கங்க."

மருமகள் அசையவில்லை.

"என்ன சொன்ன?"

"நாலுன்னேன்."

"அது இல்ல. அப்புறம் சொன்னது."

"நீங்க சொன்னதுதான் சரின்னேன்."

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் சொன்ன எதையும் நீ சரின்னு சொன்னதில்ல. மழை பெய்யுதுன்னா வெளியில போய்ப் பாத்துட்டு வருவ. இன்னிக்கு என்ன?" மருமகள் கையை நீட்டினாள். "கண்ணாடியைக் குடு."

"உங்களுக்கு அந்த எழுத்துத் தெரியாது."

"குடு."

அவளுக்குக் கண்ணாடியைப் பிடிக்கத் தெரியவில்லை. தூரத்தில் வைத்தாள், கிட்டே வைத்தாள். காசைச் சாய்த்தாள். அதற்குள் மகள் கையை நீட்டினாள்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. விடுங்க."

"நீ விடு." திருப்பிக்கொண்டாள். "இது ரெண்டு. இது அஞ்சுன்ன. இது நாலுன்ன. இது வட்டம்." காசை இன்னொரு தடவை சாய்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாவது இருக்கறதும் மூணாவது இருக்கறதும் ஒரே மாதிரி இருக்கு."

"இல்ல."

"இருக்கு. அச்சு அசல். எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரே மாதிரி இருக்கறது தெரியும். நாளெல்லாம் விரிப்பை ஜோடி சேத்து மடிக்கறவ நான். ஒண்ணை அஞ்சுன்னா பக்கத்துல இருக்கறது மட்டும் எப்படி நாலாகும்?"

மகள் பல் குத்தும் குச்சியை இரண்டாக ஒடித்தாள்.

மருமகள் காசை மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை வரும் என்று மகள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"இருந்திருக்கான்," என்றாள். அவனை அவள் அன்றுதான் முதல் தடவையாக ஏக வசனத்தில் சொன்னாள். "டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். நான் இங்க உங்கிட்ட புருஷனை முழுங்கினவள்னு பேச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"முகமான்னு கேட்ட. அதுக்கு என்ன அர்த்தம்?"

"அந்தக் காசை வேற யாராவது போட்டிருக்கலாம்."

"கம்பியைப் பாரு. யாரு மடிச்சது அது?" மருமகள் குரல் உயரவே இல்லை. "உங்க அண்ணன் செத்துட்டான்னு நான் சொன்னப்ப அவ்வளவு கோவம் வந்துது உனக்கு. இப்ப நீயே ஒரு நிமிஷத்துல சாகடிச்சுட்ட. எதுக்கு? எனக்காகவா?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல."

"தெரியும். ஓடிப்போனவன் தங்கச்சின்னு நான் உன்னைப் பாத்துடக் கூடாது. அதுக்குத்தான்."

மகளுக்கு ஏதோ வாய் வரை வந்தது. அதற்குள் வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

பெரியவர் உள்ளே வந்தார். பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். மேசையைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். உட்காராமலே கேட்டார்.

"என்ன போட்டிருக்கு?"

மகள் வாயைத் திறந்தாள். மருமகள் முந்திக்கொண்டாள்.

"பழைய காசு மாமா. தொண்ணூத்தி ஏழு. அவரு முன்னாடியே விட்டுட்டு வந்த டப்பா. கம்பெனி சொன்னதுதான். தண்ணிலதான் போயிருக்காரு."

பெரியவர் மகளிடம் திரும்பினார். "அப்படியா?"

மகள் மருமகளைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆமாப்பா," என்றாள்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஈரக் குடை இன்னும் கையிலேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் தரையில் ஓடியது.

"அப்ப அவன் ஓடல," என்றார்.

மருமகள் மேசையில் கிடந்த காசைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் அவன் ஓடிட்டான்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். மொத நாள்லேருந்து. அவன் சின்ன வயசுலயே அப்படி. ஒண்ணு பிடிக்கலைன்னா சொல்ல மாட்டான், எழுந்து போயிடுவான். கப்பல்லேருந்து எறங்கி எங்கயோ போய் ஒளிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். தினமும் திட்டுவேன். உங்க ரெண்டு பேருக்கும் கேக்காம மனசுக்குள்ள. நாசமாப் போகணும்னுகூடச் சொல்லியிருக்கேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "தண்ணில கிடந்த பிள்ளையைத் திட்டியிருக்கேன்."

அழுதார். கிரேன் மேலே உட்கார்ந்து ஆளை விரட்டிய குரல், அழுவதற்கு வரவில்லை. இருமல் மாதிரி வந்தது. பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"உன்னையும் தப்பா நெனச்சேம்மா. வீட்ல நிம்மதி இல்லாமத்தான் போயிட்டான்னு. நீ போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே நெனச்சேன்."

மருமகள் கைத்தழும்புகளைத் தடவிக்கொண்டு நின்றாள். எட்டு வருடமாக யாரும் அவளுக்குத் தராத ஒரு வார்த்தை அது. அது கிடைத்ததோ ஒரு பொய்க்கு. அதை மகள் கவனித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடலாம். அப்பாவின் அழுகையையும் நிறுத்திவிடலாம். நிறுத்தி, பழைய திட்டுக்குத் திரும்ப அனுப்பலாம்.

மகள் துணியை எடுத்துத் தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தாள். "குடையைக் குடுங்கப்பா," என்றாள்.

அடுத்த வாரம் மருமகள் கிளம்பினாள். துணி வண்டிக்காரர் வாசலுக்கு வரவில்லை. அவளே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பெரியவர் அவள் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றார். ஒரு பெட்டி, ஒரு பை. அவள் அடுப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தொட்டியையும் தேய்த்துக் கழுவியிருந்தாள். அது மகளுக்கு எரிச்சலாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை மகள் கூடப் போனாள். பெரியவர் போகச் சொன்னார் என்பதற்காக. பெட்டியைத் தூக்க அவள் கை கொடுக்கவும் இல்லை, மருமகள் கேட்கவும் இல்லை. நிறுத்தத்துக் கூரையின் கீழ் இரண்டு முனையிலும் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"எதுக்கு அப்பாகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"என்னை விட்டுட்டுத்தான் ஓடினான்னு உங்கப்பா வாயால கேக்க எனக்குத் தெம்பு இல்ல. கருணை அது இதுன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல."

"நல்லது."

"இப்ப அவரு சாப்பிட மாட்டேங்கறாரு. பிள்ளையைச் சபிச்சுட்டேன்னு புலம்பறாரு. நீங்க சுகமாப் போறீங்க. நான்தானே பாத்துக்கிட்டு இருக்கணும்."

"நீயும்தான் ஆமான்ன."

"திரும்பி இந்தப் பக்கம் வந்தீங்கன்னா சொல்லிடுவேன்."

"சொல்லு. மொதல்ல நாலுன்னு சொன்னது யாருன்னு நானும் சொல்றேன்."

பஸ் வந்தது. மருமகள் பெட்டியை முதலில் ஏற்றி, பின்னால் ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தது. மகள் நின்ற பக்கம்தான். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், பஸ் கிளம்பும் வரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் அந்தக் காசைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். என் பையன் துளை போட்டது, கம்பி நுனி குத்தாது பாருங்க என்பார். யாராவது திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன எழுத்து, என்ன வருடம் என்று கேட்டால் மகளைக் கூப்பிடுவார். அவள் கதவோர அடுப்பிலிருந்து வந்து நிற்பாள்.

"தொண்ணூத்தி ஏழு," என்பாள், காசைக் கையில் வாங்காமலே.